வெள்ளையாக வருவது நோயா, வைத்த மாத்திரையா?

இந்த முறை கேள்விக் கட்டைப் பிரித்தால் பாதிக்கு மேல் ஒரே சங்கதி. பிறப்புறுப்புக்கு உள்ளே வைக்கச் சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார், வைத்தேன், அப்புறம் என்னென்னவோ வருகிறது, பயமாக இருக்கிறது. யாருமே பெயர் போடவில்லை, ஊர் பெயரைக்கூடச் சிலர்தான் எழுதியிருக்கிறார்கள். பரவாயில்லை, பதில் சொல்ல எனக்குப் பெயர் தேவையில்லை. இந்த இதழ் முழுக்க இதற்கே என்று வைத்துக்கொள்வோம்.

கேள்வி: எனக்கு வயது 29, திண்டுக்கல் பக்கம். ஒரு வாரமாகத் தாங்க முடியாத அரிப்பு, தயிர் திரிந்த மாதிரி வெள்ளைப்படுதல். லேடி டாக்டர் பார்த்துவிட்டு, ராத்திரி படுக்கும்போது உள்ளே வைக்க குளோட்ரிமசோல் 100 மி.கி. மாத்திரை 6 எழுதிக் கொடுத்தார். முதல் நாள் வைத்ததும் கொஞ்சம் எரிந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் உள்ளாடையில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிய மாதிரி, நடுநடுவே கட்டி கட்டியாக. மூன்றாம் நாள் இன்னும் அதிகம். மருந்து வைப்பதற்கு முன்னால் இருந்ததைவிட இப்போதுதான் நிறைய வருகிறது டாக்டர். மாமியார் "மருந்து உனக்கு ஒத்துக்கல, விட்டுடு" என்றார், நிறுத்திவிட்டேன். அரிப்பு என்னவோ குறைந்த மாதிரிதான் இருக்கிறது. மறுபடி வைக்கலாமா, வேறு மருந்து மாற்ற வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கியமான வரியைக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அரிப்பு குறைந்திருக்கிறது. அப்படியென்றால் மருந்து வேலை செய்கிறது.

அந்தச் சுண்ணாம்பு என்ன தெரியுமா? நீங்கள் வைத்த மாத்திரையேதான். 100 மி.கி. என்பது மருந்தின் எடை மட்டும். மாத்திரையைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும், அது எவ்வளவு பெரிது என்று. மிச்சமெல்லாம் லாக்டோஸ், ஸ்டார்ச் மாதிரி மாவுப் பொருள்கள். மருந்தைச் சுமந்துகொண்டு போய் உள்ளே பரப்புவதோடு அவற்றின் வேலை முடிந்தது. உடம்புக்குள் போய் ஜீரணமாவதற்கு அங்கே குடலா இருக்கிறது? வந்த வழியே வெளியே வர வேண்டியதுதான். ராத்திரி படுத்திருக்கும்போது உள்ளே இருந்துவிட்டு, காலையில் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் இறங்கும்.

ஒரு முறை ஓ.பி.யில் ஒரு பெண் குங்குமச் சிமிழைத் திறந்து மேஜைமேல் வைத்தார். உள்ளே டிஷ்யூ பேப்பரில் சுற்றி, பட்டாணி அளவுக்கு நாலு வெள்ளைக் கட்டி. கர்ப்பப்பையிலிருந்து ஏதோ கழன்று வருகிறது என்று இரண்டு நாள் தூங்காமல் இருந்திருக்கிறார். நான் ஒன்றும் பேசவில்லை, அவர் பையிலிருந்த அதே அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்து, டம்ளரில் ரெண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு அதில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஓரம் உதிர்ந்து, அடியில் கெட்டியாக மாவு மாதிரி நின்றது. சிமிழையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம்தான் சிரிப்பு வந்தது அவருக்கு. அதிலிருந்து இந்த மாத்திரையை எழுதும்போதெல்லாம் "வெள்ளையா கட்டியா வரும், பயப்படாதீங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வார்த்தையை உங்களுக்கு யாரும் சொல்லாமல் விட்டதுதான் இங்கே நடந்த தப்பு.

முதல் நாள் எரிச்சலும் பெரிய விஷயமில்லை. ஏற்கெனவே சொறிந்து சிவந்து புண்ணாகியிருக்கிற இடத்தில் எது பட்டாலும் கொஞ்சம் காந்தும். ஆனால் ஒவ்வொரு நாள் வைக்கும்போதும் எரிச்சல் கூடிக்கொண்டே போகிறது, வெளிப்பக்கம் வீங்குகிறது, தடிப்பு தடிப்பாக வருகிறது என்றால் அது அலர்ஜி. அப்போது மாமியார் சொன்னதுதான் சரி, நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு வந்திருப்பது போன்ற பூஞ்சைத் தொற்றில் (குளோட்ரிமசோல் அதற்கான மருந்துதான்) பொதுவாக ரெண்டு மூன்று நாளில் அரிப்பு தணியும், ஒரு வாரத்துக்குள் முழுசாகப் போகும். அதனால் சிகிச்சை நடக்கிற நாட்களில் உள்ளாடையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அரிப்பைக் கவனியுங்கள். கடைசி மாத்திரை வைத்து ரெண்டு மூன்று நாள் வரைக்கும்கூட மிச்சம் மீதி வந்துகொண்டிருக்கலாம். அதற்கப்புறமும் தயிர் மாதிரி வருகிறது, அரிப்பும் விடவில்லை என்றால்தான் மருந்து போதவில்லை, அல்லது நோயே வேறு என்று யோசிக்க வேண்டும்.

மீன் கவிச்சி வாடையோடு தண்ணீராக, சாம்பல் நிறத்தில் வந்தால் அது பூஞ்சை இல்லை, பாக்டீரியாக்களின் சமநிலை கெட்டதால் வருவது. குளோட்ரிமசோலை எத்தனை அட்டை வைத்தாலும் போகாது. மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரையோடு வந்தால் ட்ரைக்கோமோனஸ் என்கிற ஒட்டுண்ணியாக இருக்கலாம், அதற்கு வாய்வழி மாத்திரைதான். இது எதிலும் சேராமல் அடிவயிற்று வலி, காய்ச்சல், மாதவிலக்கு இல்லாத நாளில் ரத்தம் என்று ஏதாவது இருந்தால் அடுத்த இதழுக்குக் காத்திருக்காமல் உடனே நேரில் போய்க் காட்டுங்கள்.

இப்போது நீங்கள் என்ன செய்வது? நிறுத்தி ஒரு நாள், ரெண்டு நாள்தான் ஆகியிருந்தால் மீதி மூன்றையும் வைத்து முடித்துவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆனால் இந்தப் பதில் அச்சேறி உங்கள் கைக்கு வருவதற்குள் மாதமே ஓடியிருக்கும். அதனால், அரிப்பு சுத்தமாகப் போயிருந்தால் விட்டுவிடுங்கள். கொஞ்சமாவது இருந்தால் அதே டாக்டரிடம் போய் "6 கொடுத்தீங்க, 3தான் வெச்சேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். திட்டுவார் என்று மறைத்தால், முழுக் கோர்ஸ் முடித்தும் கேட்கவில்லை என்று நினைத்துப் பெரிய மருந்துக்குப் போய்விடுவார்.

வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டி கட்டியாக வருவதற்குப் பாதிக் காரணம் மாத்திரையை வாசலிலேயே விட்டுவிடுவது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, விரல் போகிற அளவுக்கு, இல்லை கூடவே கொடுத்த அப்ளிகேட்டரால், எவ்வளவு ஆழம் போகுமோ அவ்வளவு உள்ளே தள்ள வேண்டும். தொலைந்து போய்விடாது, அந்தப் பக்கம் கர்ப்பப்பை வாய் மூடித்தான் இருக்கிறது. மாத்திரை கரைய ஈரம் வேண்டும், உள்ளே வறண்டிருந்தால் முனையைச் சுத்தமான தண்ணீரில் லேசாக நனைத்துக்கொள்ளலாம். வைத்த பிறகு எழுந்து பாத்திரம் கழுவப் போகக் கூடாது, படுத்துவிட வேண்டும். உள்ளாடையில் பேன்ட்டி லைனரோ நாப்கினோ வைத்துக்கொள்ளுங்கள், டாம்பான் வேண்டாம், மருந்தை அது உறிஞ்சிவிடும். மாதவிலக்கு நெருங்குகிறது என்றால் அது முடிந்தபின் ஆரம்பிப்பது நல்லது, வைத்த மருந்து ரத்தத்தோடு போய்விடும்.

காலையில் அந்த மிச்சத்தைப் பார்த்ததும் ஹேண்ட் ஷவரை எடுத்து உள்ளே பீச்சிக் கழுவுவது, விரலை விட்டு வழித்தெடுப்பது, டெட்டால் கலந்த தண்ணீர், இன்டிமேட் வாஷ், இதெல்லாம் கூடவே கூடாது. அந்த இடத்தின் பி.ஹெச். சாதாரணமாக 3.8-இலிருந்து 4.5 வரை, கிட்டத்தட்டத் தயிரின் புளிப்பு. அதைக் காப்பாற்றுவதும் தயிரில் இருக்கிற அதே லாக்டோபாசிலஸ் குடும்பத்து பாக்டீரியாதான். (அதற்காகத் தயிரை எடுத்து உள்ளே தடவ வேண்டாம், அதையும் செய்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.) கழுவக் கழுவ அந்தப் புளிப்பு போகும், போனால் கண்டதெல்லாம் குடியேறும். வெளிப்பக்கம் வெறும் தண்ணீர் போதும்.

கேள்வி: எனக்கு 3 நாள் வைக்கிற மாதிரி மெத்தென்ற கேப்சூல் கொடுத்தார்கள். ரெண்டாம் நாள் காலையில் பாத்ரூமில், கண்ணாடிக் காகிதம் மாதிரி வழவழவென்று ஒரு தோல் வந்தது. கூடவே எண்ணெய்ப் பிசுக்கு. உள்தோல் உரிகிறதா?

பதில்: இல்லை. அது கேப்சூலின் உறை, ஜெலட்டினால் செய்தது. உள்ளே இருக்கிற மருந்து வெளியேறியதும் உறை ஊறிப்போய்த் தோல் மாதிரி வருவது உண்டு. 3 நாள் கேப்சூல் என்கிறீர்கள், பெரும்பாலும் அதில் பாக்டீரியாவுக்கான கிளிண்டமைசின் 100 மி.கி., பூஞ்சைக்கான குளோட்ரிமசோல் 200 மி.கி. ரெண்டும் எண்ணெயில் கலந்து இருக்கும். பிசுக்கு அந்த எண்ணெய். இதில் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. இந்த மருந்துகள் ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும். மருந்து வைக்கிற நாட்களிலும் அது முடிந்து 5 நாள் வரையிலும் ஆணுறையை நம்பாதீர்கள். உறவையே தள்ளிப்போட்டால் இன்னும் நல்லது.

அப்புறம் நம் ஊர் வெயில். மே மாதத்தில் பைக் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் கேப்சூல்கள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளம் மாதிரி ஆகிவிடும். அட்டையில் என்ன வெப்பநிலை போட்டிருக்கிறது என்று பாருங்கள். வீடு அதைவிடச் சூடு என்றால் ஃபிரிட்ஜ் கதவுத் தட்டில் வைக்கலாம். ஃபிரீசரில் வேண்டாம்.

கேள்வி: அரசு ஆஸ்பத்திரியில் காட்டினேன். உள்ளே வைக்க எதுவும் தரவில்லை. பச்சைக் கலர் பாக்கெட்டில் சாப்பிடுகிற மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். கவரில் எய்ட்ஸ் கட்டுப்பாடு என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

பதில்: சாப்பிடுங்கள் முதலில். நாடு முழுக்க அரசு மருத்துவமனைகளில் இனப்பெருக்க உறுப்புத் தொற்றுகளுக்கு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 7 வகைப் பாக்கெட் தயாரித்துக் கொடுக்கிறது, ஒவ்வொரு தொந்தரவுக்கும் ஒரு நிறம். பச்சை என்றால் வெள்ளைப்படுதலுக்கு. உள்ளே செக்னிடசோல் 2 கிராமும் ஃபுளூக்கோனசோல் 150 மி.கி.யும் இருக்கும். முதலாவது அந்தக் கவிச்சி வாடைத் தொற்றையும் ட்ரைக்கோமோனஸையும் பார்த்துக்கொள்ளும், அடுத்தது பூஞ்சையை. ஆக, இரண்டு மூன்று காரணங்களுக்கும் சேர்த்து ஒரே வேளையில் முடிக்கிற ஏற்பாடு. உங்களுக்கு எய்ட்ஸ் என்று அதற்கு அர்த்தமில்லை. வாயில் துரு சுவைப்பது மாதிரி இருக்கும், குமட்டலாம், சாப்பிட்டபின் போடுங்கள். கர்ப்பமாக இருந்தால், அல்லது நாள் தள்ளிப்போயிருந்தால், போடுவதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். கட்டியாக எதுவும் வராதே, மருந்து வேலை செய்கிறதா என்று கேட்காதீர்கள். உள்ளே வைத்தால்தானே வெளியே வரும்!

கேள்வி: போன வாரம் வைத்த மாத்திரையில் காபி டிகாக்ஷன் நிறத்தில் வருகிறது. பழைய ரத்தமா?

பதில்: அட்டையில் போவிடோன் அயோடின் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது அயோடின் நிறம், புண்ணுக்குப் போடுகிற அதே பழுப்பு மருந்துதான், துணியிலும் கறை படும். ஆனால் தைராய்டு பிரச்சினை இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்தாலோ இதை வைக்கக் கூடாது, அயோடின் உடம்புக்குள் போகும். அட்டையில் அந்தப் பெயர் இல்லை என்றால் நிஜமாகவே ரத்தமாக இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன், வயது 34. ஏழு வருடம் கழித்து ஐ.வி.எஃப். மூலம் கரு தங்கியிருக்கிறது, இப்போது ஏழாவது வாரம். காலையும் இரவும் 400 மி.கி. புரோஜெஸ்டிரோன் உள்ளே வைக்கிறேன். வைத்து ஒரு மணி நேரத்தில் மெழுகு உருகின மாதிரி வெளியே வந்துவிடுகிறது. மருந்தே வெளியே போய்விட்டால் குழந்தைக்கு என்ன ஆகும்? பயத்தில் ரெண்டு தடவை இன்னொன்று எடுத்து வைத்துவிட்டேன். நேற்று துடைக்கும்போது லேசாகப் பழுப்பு நிறம் தெரிந்தது.

பதில்: ஏழு வருடம் காத்திருந்தவர் ஒவ்வொரு தடவை பாத்ரூம் போகும்போதும் எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும், அதனால் முதலில் பழுப்பு நிறத்துக்கு வருகிறேன். ஆரம்பகாலக் கர்ப்பத்தில் லேசாகப் பழுப்புத் தெரிவது அபூர்வமில்லை, பலருக்கு அதற்கப்புறம் எல்லாம் நல்லபடியாகவே போகிறது. அடிக்கடி மாத்திரை வைப்பதில் கர்ப்பப்பை வாயிலோ உள்சுவரிலோ லேசாகக் கீறல் பட்டாலும் வரும். ஆனால் கடிதத்தை வைத்துக்கொண்டு எது என்று சொல்ல என்னாலும் முடியாது, எவராலும் முடியாது. உங்கள் மையத்துக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள், ஒரு ஸ்கேன் பார்த்துவிடுவார்கள். சிவப்பாக மாறினால், வயிறு இழுத்துப் பிடித்தால், ஒரு பக்கமாக வலித்தால், தலைசுற்றினால் போன் எல்லாம் வேண்டாம், நேரே போய்விடுங்கள். எதுவானாலும் புரோஜெஸ்டிரோனை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இப்போது மெழுகு. மெழுகு மாதிரி இருப்பவை கெட்டிக் கொழுப்பில் செய்தவை, உடம்புச் சூட்டுக்கு உருக வேண்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். உருகும்போது, கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை உள்சுவர் இழுத்துக்கொள்ளும், கொழுப்பு மட்டும் வேண்டாத விருந்தாளி மாதிரி வெளியேறும். ஜெலட்டின் கேப்சூல் வைக்கிறவர்களுக்கு அது எண்ணெயாக வரும். ஆக, உள்ளாடையில் இருப்பது பெரும்பாலும் காலிப் பாத்திரம். அதனால் ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் வெளியே வந்ததற்காக இன்னொன்று வைக்கத் தேவையில்லை. முழு மாத்திரையும் உடையாமல் அப்படியே உடனே விழுந்துவிட்டால் மட்டும் மையத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ரெண்டு தடவை கூடுதலாக வைத்ததையும் அந்தப் போனிலேயே சொல்லிவிடுங்கள். வைத்தபின் அரை மணி நேரம் படுத்திருந்தால் போதும். நாள் முழுக்கக் கட்டிலிலேயே கிடக்க வேண்டாம்.

கர்ப்பத்தில் வெள்ளைப்படுதல் இயல்பாகவே கூடும், அதோடு இந்தக் கொழுப்பும் சேரும்போது தொற்று வந்தால்கூடச் சட்டென்று தெரியாது. நிறத்தை விடுங்கள், அரிப்போ வாடையோ இருந்தால் சொல்லுங்கள். பூஞ்சைத் தொற்று என்று தெரிந்தால் கர்ப்பிணிகளுக்கு 7 நாள் குளோட்ரிமசோல் கொடுப்போம், சாப்பிடுகிற ஃபுளூக்கோனசோலைத் தவிர்ப்போம். அதை அப்ளிகேட்டரால் இடிக்காமல் விரலால் வைப்பது பத்திரம்.

கேள்வி: வயது 53, தஞ்சாவூர். சர்க்கரை 11 வருடமாக. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகிறது. போன வருடம் சர்க்கரைக்குப் புது மாத்திரை ஒன்று சேர்த்தார்கள், அதிலிருந்து அரிப்பும் வெள்ளையும் நாலு தடவை வந்துவிட்டது. டாக்டரிடம் இதைச் சொல்லக் கூச்சம், ஆண் டாக்டர். மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி உள்ளே வைக்கிற மாத்திரை வாங்கிக்கொள்கிறேன். முன்னெல்லாம் கரைந்துவிடும், இப்போது மறுநாள் அப்படியே பாதி மாத்திரையாக வந்து விழுகிறது.

பதில்: அம்மா, அந்தப் புது மாத்திரையின் பெயர் டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் என்று இருக்கிறதா பாருங்கள். ஆமாம் என்றால் பாதிக் கதை அங்கேயே இருக்கிறது. இந்த வகை மாத்திரை ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும், அப்படித்தான் அது வேலை செய்கிறது. அந்த இடம் எப்போதும் சர்க்கரைத் தண்ணீர் பட்டுக்கொண்டே இருந்தால் பூஞ்சைக்குக் கல்யாணச் சாப்பாடு. டாபாகிளிஃப்ளோசினுக்கும், 2025-இல் எம்பாகிளிஃப்ளோசினுக்கும் இந்தியாவில் காப்புரிமை முடிந்து விலை இறங்கியது. அதனால் இப்போது நிறையப் பேர் இதைச் சாப்பிடுகிறார்கள், இந்த அரிப்போடு வருகிறவர்களிடம் நான் முதலில் சர்க்கரை மாத்திரைச் சீட்டைத்தான் கேட்கிறேன்.

நல்ல மாத்திரைதான் அது, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பலன் உண்டு, அதனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் அந்த ஆண் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் "இந்த மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து பிறப்புறுப்பில் நாலு முறை தொற்று" என்று எழுதி, சர்க்கரை ரிப்போர்ட்டோடு சேர்த்து நீட்டிவிடுங்கள். அவர் இதை எதிர்பார்த்துத்தான் இருப்பார். மூன்று மாதச் சராசரி சர்க்கரையையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

பாதி மாத்திரையாக விழுவதற்குக் காரணம் வேறு. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறைந்து உள்ளே வறண்டு போகும், கரைய ஈரம் இல்லை. உங்களுக்கு க்ரீமாகக் கொடுக்கலாம், வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் வேண்டுமா என்றும் பார்க்கலாம். வறட்சியே அரிப்பைக் கொடுக்கும் என்பதால் நாலு தடவையில் எத்தனை தடவை நிஜமாகப் பூஞ்சை என்பதே எனக்குச் சந்தேகம். பழைய சீட்டின் வம்பே அதுதான். ஒரு வருடத்தில் மூன்று முறைக்கு மேல் வந்தால் ஸ்வாப் எடுத்து, அதாவது பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்து, கல்ச்சர் என்கிற கிருமி வளர்க்கும் சோதனை பார்க்க வேண்டும், சர்க்கரைக்காரர்களுக்கு வழக்கமான மருந்துக்கு மசியாத வகைப் பூஞ்சையும் வரும். ஸ்வாப் எடுப்பதற்கு முன் ரெண்டு மூன்று நாள் உள்ளே எதுவும் வைக்காமல் போங்கள், இல்லாவிட்டால் கண்ணாடித் துண்டில் மாத்திரை மாவுதான் தெரியும். மருந்துக்கு மசிகிற பூஞ்சைதான் என்றால், அதை அடக்கிய பிறகு வாரம் ஒரு ஃபுளூக்கோனசோல் வீதம் ஆறு மாதம் கொடுப்பது உண்டு. கிளிமிபிரைடு என்கிற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும், ஆகவே இதைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. மாதவிலக்கு நின்றபிறகு ஒரு சொட்டு ரத்தம், இளஞ்சிவப்பாகத் தண்ணீர் எது வந்தாலும், அது மாத்திரை கீறியதால் என்று நீங்களே தீர்ப்பு எழுதாமல் கர்ப்பப்பையையும் அதன் வாயையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதில் நான் யாரையும் காத்திருக்க விடுவதில்லை.

கேள்வி: மனைவிக்கு உள்ளே வைக்கிற மாத்திரை கொடுத்தார்கள். சரியாகி ரெண்டு மாதத்தில் மறுபடியும் வந்துவிட்டது. நானும் மருந்து எடுக்க வேண்டுமா? எனக்கு ஒன்றும் இல்லை.

பதில்: ஓர் ஆண் எழுதியிருக்கிறார், அதற்கே தனியாக நன்றி. என்ன தொற்று என்பதைப் பொறுத்தது. பூஞ்சை என்றால் உங்களுக்கு அரிப்பு, சிவப்பு எதுவும் இல்லாதபோது வேண்டாம். ட்ரைக்கோமோனஸ் என்றால் உங்களுக்கு ஒன்றுமே தெரியாவிட்டாலும் கட்டாயம் எடுக்க வேண்டும், இருவரும் மருந்து முடிக்கும்வரை உறவு கூடாது. அந்தக் கவிச்சி வாடைத் தொற்றுக்கு, அதுவும் உறவுக்கு அப்புறம் வாடை கூடுகிறதே அதற்கு, கணவருக்கு மருந்து தேவையில்லை என்றுதான் நாங்கள் படித்தோம். ஆஸ்திரேலியாவில் நடந்து 2025-இல் வெளிவந்த ஆய்வு அதை மாற்றிவிட்டது. கணவருக்கும் ஒரு வாரம் வாய்வழி மாத்திரையும் தடவுகிற க்ரீமும் சேர்த்துக் கொடுத்தபோது, 12 வாரத்துக்குள் மனைவிக்கு மறுபடி வந்தது 35 சதவீதம். மனைவிக்கு மட்டும் கொடுத்தபோது 63 சதவீதம். இதைச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மனைவியை மட்டும் திரும்பத் திரும்ப மாத்திரை வைக்க விட்டுக்கொண்டிருந்த காலம் போதும்.

கேள்வி: நான் விழுப்புரத்தில் காலேஜ் முதல் வருடம். எனக்கு அடிக்கடி வெள்ளைப்படும். அரிப்பு, வாடை எதுவும் இல்லை. பாட்டி "எலும்பு உருகிப் போகுது, அதான் பொண்ணு இளைக்கிறா" என்று சொல்லி, அம்மா மெடிக்கலில் உள்ளே வைக்கிற மாத்திரை வாங்கிவந்துவிட்டார். கல்யாணம் ஆகாத பெண் இதை வைக்கலாமா? பயமாக இருக்கிறது. வைக்காவிட்டால் இன்னும் இளைத்துவிடுவேனா?

பதில்: எலும்பு உருகி அந்த வழியாக வர வழியே இல்லைம்மா. எலும்பில் இருக்கிறது கால்சியம், அங்கிருந்து ஒரு குழாயும் அந்தப் பக்கம் போகவில்லை. வருவது கர்ப்பப்பை வாய் சுரக்கிற சளியும் உள்சுவரில் உதிர்கிற பழைய செல்களும். மாதவிலக்கு வருகிற வயதில் ஒரு நாளைக்கு ஒன்றிலிருந்து நாலு மில்லிவரை வருவது சாதாரணம், கால் ஸ்பூனிலிருந்து முக்கால் ஸ்பூன் என்று வைத்துக்கொள். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் இரண்டு வாரம் முன்னால், கருமுட்டை வெளியேறுகிற நாட்களில், முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இழுத்தால் நீளும். ஒரு மாதம் காலண்டரில் குறித்துப் பார், உனக்கே பிடிபடும். இளைப்பதற்குக் காரணம் வேண்டுமென்றால், காலையில் சாப்பிடாமல் பஸ் பிடிக்கிறாயா என்று பார், ஹீமோகுளோபினையும் ஒரு தடவை பார்த்துவிடு.

நோயே இல்லாத இடத்தில் இந்த மாத்திரை எதற்கு? நாளைக்கு அதை வைத்தால் மறுநாள் கட்டி கட்டியாக வரும், பாட்டி அதையும் எலும்பு என்பார். நிஜமாகவே அரிப்போடு தொற்று வந்தாலும்கூடக் கல்யாணமாகாத பெண்களுக்குச் சாப்பிடுகிற மாத்திரையும் வெளியே தடவுகிற க்ரீமும் இருக்கின்றன, உள்ளே வைத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல். அட்டையைப் பிரிக்காமல் இருந்தால், பில்லோடு கொண்டுபோய்க் கடையில் கேட்டுப் பார்க்கட்டும். திருப்பி எடுத்துக்கொண்டால் அந்தக் காசுக்கு வேர்க்கடலை வாங்கிக்கொள்.